டாக்டர் எழுதிய ஊசியை சிஸ்டர் போடாமல் நிறுத்தலாமா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 72 வயது. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர். எக்கோ பரிசோதனையில் 'பம்பிங் 30 சதவீதம்', அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஓர் இரவு படுக்க முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல் வந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆறு நாள் இருந்தார். அங்கே மூன்று சம்பவங்கள்.

சேர்த்த அன்று இரவு ஒன்றரை மணிக்கு லேசிக்ஸ் ஊசி (உடம்பில் தேங்கிய நீரை யூரினாக வெளியேற்றும் ஊசி) போட்டார்கள். விடியும்வரை அப்பா யூரின் போய்க்கொண்டே இருந்தார், கண்மூடவில்லை. "காலையில் போட்டிருக்கலாமே" என்பது மகளின் வருத்தம். மூன்றாம் நாள் காலை எட்டு மணி ஊசியை சிஸ்டர் போடவில்லை. பிபி 86/54 இருக்கிறது, பொட்டாசியமும் 3.1தான், டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றார். வாசகியின் தம்பி, "டாக்டர் எழுதினதை நிறுத்த நீ யார்?" என்று சத்தம் போட்டு, ஊசித் தட்டைப் பிடுங்கப் போயிருக்கிறார். பத்தரை மணிக்கு டாக்டர் வந்து, பொட்டாசியம் கொடுக்கச் சொல்லி, ஊசியின் அளவைக் குறைத்து மதியம் போடச் சொன்னார். ஐந்தாம் நாள் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். மாலை நான்கு மணிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை கொடுக்கப்படவில்லை. இரவு ஒன்பதரைக்கு, தூங்கும் முன் கொடுக்கும் மாத்திரைகளோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டார்கள். இரவு ஒரு மணிக்குக் கழிப்பறைக்குத் தனியாக எழுந்துபோன அப்பா வழுக்கி விழுந்து, புருவத்துக்கு மேல் நான்கு தையல்.

இப்போது வீட்டில் காலையில் டார்செமைடு என்ற நீர் மாத்திரை 20 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ராமிப்ரில், இன்னும் சில மாத்திரைகள். கல்யாணம், கோயில் என்று வெளியே போகும் நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். யூரினில் சத்தெல்லாம் போய்விடுகிறதே என்று தினமும் ஓர் இளநீர் கொடுக்கிறார்கள். கால் மறுபடி லேசாக வீங்குகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற சிஸ்டர், "வேணும்னா நான் ஒரு லேசிக்ஸ் போட்டுவிடறேன்" என்கிறார்.

வாசகி கேட்பது இவைதான்: ஊசி போட மறுத்த சிஸ்டர் மீது தம்பி எழுதி வைத்திருக்கும் புகாரை அனுப்பலாமா? நீர் மாத்திரையை எந்த நேரத்தில் கொடுப்பது? தொடர்ந்து கொடுத்தால் கிட்னி கெட்டுவிடாதா? வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, நீங்கள் நேரத்தையும் பிபியையும் ரத்தப் பரிசோதனை எண்ணையும் குறித்து வைத்திருந்ததுதான். அவை இல்லாவிட்டால் பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இருப்பதால் நேராகச் சொல்கிறேன்: தம்பியின் புகாரை அனுப்ப வேண்டாம். மூன்றாம் நாள் காலை அந்த சிஸ்டர் செய்ததுதான் சரி. நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் ஐந்தாம் நாள் இரவு. அதைப் பற்றி உங்கள் தம்பி ஒரு வரிகூட எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை நடந்தது

நீர் மாத்திரையும் நீர் ஊசியும் மணியை மட்டும் பார்த்துக் கொடுக்கிற மருந்துகள் அல்ல. எட்டு மணி என்று டாக்டர் எழுதியிருப்பார். ஆனால் அவர் எழுதியது முந்தின நாள் மாலை. இரவில் நோயாளியின் உடம்பு மாறியிருக்கலாம். அந்த மாற்றத்தை முதலில் பார்ப்பவர் சிஸ்டர்தான். அதனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் அவர் பார்க்க வேண்டியவை சில உண்டு: அன்று காலை பிபி, நாடி, எடை, நேற்று முழுவதும் உள்ளே போன நீர் எவ்வளவு, யூரினாக வெளியே வந்தது எவ்வளவு, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், நோயாளி தலை சுற்றுகிறது என்கிறாரா, வாந்தி பேதி இருக்கிறதா. பெரும்பாலான வார்டுகளில் மேல் பிபி 90-க்குக் கீழே போனால், டாக்டரைக் கேட்காமல் நீர் மருந்து கொடுப்பதில்லை. சில டாக்டர்கள் மருந்துச் சீட்டிலேயே அப்படி எழுதிவிடுவார்கள்.

உங்கள் அப்பாவுக்கு அன்று 86. அதோடு பொட்டாசியம் 3.1. சாதாரணமாக 3.5-லிருந்து 5.0 வரை இருக்க வேண்டும். லேசிக்ஸ் உப்பையும் நீரையும் வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. பம்பிங் குறைந்த இதயத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். பிபியும் கீழே, பொட்டாசியமும் கீழே இருக்கும் நேரத்தில் 'எழுதியிருக்கிறது, போட்டுவிட்டேன்' என்று ஒரு சிஸ்டர் போட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கால் வீக்கம் அப்படியே இருந்ததே, உடம்பில் நீர் இருக்கும்போது ஏன் நிறுத்த வேண்டும் என்று தம்பி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நீர் மருந்து நேரடியாகக் காலிலிருந்து நீரை எடுப்பதில்லை. ரத்தக் குழாயில் ஓடும் நீரைத்தான் கிட்னி வழியாக வெளியேற்றுகிறது. பிறகு காலில் தேங்கிய நீர் மெல்ல ரத்தத்துக்குத் திரும்ப வேண்டும். ஊற்று ஊறுகிற வேகத்தைவிட வேகமாக இறைத்தால் சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இருக்கும்போதே கிணறு வறண்டுவிடும் அல்லவா, அதுபோலத்தான். கால் வீங்கியிருக்கும், பிபி விழுந்துவிடும்.

அதற்காக, பிபி குறைந்தாலே நீர் மருந்து கூடாது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்பிங் குறைந்த பலருக்கு எப்போதுமே பிபி 90, 100 என்றுதான் இருக்கும். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அந்த பிபியிலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டியிருக்கும், சில சமயம் பிபியைத் தாங்கிப் பிடிக்கும் வேறு மருந்தோடு. அதைத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை. சிஸ்டரின் கடமை நிறுத்துவது, உடனே தெரிவிப்பது, எழுதி வைப்பது. மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் அது கவனக்குறைவு. உங்கள் சிஸ்டர் டாக்டரைக் கேட்கிறேன் என்றார், கேட்டார். டாக்டரும் வந்து பார்த்துவிட்டு அளவைக் குறைத்தார். அவர் கேட்டது நியாயம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

டாக்டர் சொன்னதை அப்படியே செய்வதுதான் சிஸ்டர் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அவர்கள் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கிற தொழிலர்கள். தவறான அளவை எழுதியது டாக்டர் என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்ட சிஸ்டரும் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பு இருக்கும்போது, நிறுத்திக் கேட்கும் உரிமையும் இருந்தாக வேண்டும்.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மருத்துவமனை ஊழியரை மிரட்டுவதும் தாக்குவதும் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் வழக்காகக்கூடிய குற்றம். அப்பாவின் நிலையைப் பார்த்து அவர் பதறியிருப்பார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று தட்டைப் பிடுங்கப் போனதற்கு அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பது முறை.

நள்ளிரவு ஊசி ஏன் சரி?

முதல் நாள் இரவு காலைவரை காத்திருக்க முடியாது. பம்பிங் குறைந்தவருக்குப் படுக்க முடியாத மூச்சுத் திணறல் என்றால் பெரும்பாலும் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். லேசிக்ஸை ரத்தக் குழாயில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், அரை மணியில் உச்சத்துக்குப் போகும், சுமார் இரண்டு மணி நேரம் நீடிக்கும். வாய்வழி மாத்திரையோ தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை நீடிக்கும். அதனால்தான் அவசரத்தில் ஊசி. அப்போது பகலும் இல்லை, இரவும் இல்லை. அந்த இரவு அவர் யூரின் போய்க்கொண்டே இருந்ததுதான் மூச்சு திரும்பிய வழி. ஊசி போட்ட பிறகு யூரின் போகாமல் இருந்திருந்தால்தான் டாக்டர் பயந்திருப்பார். முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி.யாவது வர வேண்டும் என்று 2021-இல் வெளியான ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் சொல்கிறது. வராவிட்டால் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும்.

'டியூப் போட்டிருந்தால் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்காதே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவைப்பட்டால் போடுவார்கள். ஆனால் யூரின் டியூப் வழியாகக் கிருமி ஏறும். படுக்கையருகே யூரின் கேனைப் பயன்படுத்த முடிகிறவருக்கு டியூப் இல்லாமல் சமாளிப்பதே நல்லது.

யூரின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை, இது எல்லாக் குடும்பங்களுக்கும். வார்டில் அட்டெண்டராக இருப்பவர்கள் சிஸ்டருக்கு எதற்குச் சிரமம் என்று கேனை எடுத்துப்போய்க் கொட்டிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்த காபியையும் கஞ்சியையும் சொல்வதில்லை. நல்லெண்ணம்தான். ஆனால் சிஸ்டர் எழுதும் 'உள்ளே - வெளியே' கணக்கு அன்றோடு பொய்யாகிவிடுகிறது. மறுநாள் மருந்தின் அளவு அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் போடப்படும். 1919-இல் வியன்னா மருத்துவமனை ஒன்றில், மேகநோய்க்காகப் பாதரசம் கலந்த நோவாசுரால் என்ற ஊசி போடப்பட்ட இளம்பெண்ணுக்கு யூரின் பல மடங்கு பெருகியது. வார்டு செவிலியர்கள் அன்றாடம் அளந்து எழுதிய குறிப்பைப் பார்த்துத்தான் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர் அதைக் கவனித்தார். பாதரசம் கலந்த நீர் மருந்துகள் அப்படித்தான் பிறந்தன. பல பத்தாண்டுகள் இதயநோயாளிகளுக்கு அவைதான் கைகொடுத்தன. அளந்து எழுதாத வார்டாக இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஐந்தாம் நாள் இரவு

இங்கேதான் எனக்கு வருத்தம். நீர் மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால், ஒன்று காலையில், இன்னொன்று பிற்பகலில், அதிகபட்சம் நான்கு மணிக்குள் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மாத்திரையின் வேலை இரவுக்குள் முடிந்து நோயாளி தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம். முதியவர்கள் இரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து, பிபியும் குறைந்திருக்கும் நிலையில், ஈரத் தரையில் நடப்பதைப் போல விழ வைக்கும் சூழ்நிலை வேறில்லை.

நான்கு மணி மாத்திரை ஏன் விட்டுப்போனது என்று எனக்குத் தெரியாது. டூட்டி மாறும் நேரம், பல படுக்கைகளுக்கு ஒரே சிஸ்டர் இருந்த மாலை, மருந்தகத்திலிருந்து மாத்திரை வரத் தாமதம், எதுவாகவும் இருக்கலாம். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பதரை மணிக்குச் செய்திருக்க வேண்டியது என்ன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விட்டுப்போன நீர் மாத்திரையை இரவு மாத்திரைகளோடு தானாகச் சேர்த்துக் கொடுத்திருக்கக் கூடாது. டூட்டி டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும். மூச்சு நன்றாக இருந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்போகும் நோயாளி என்றால், இன்றைக்கு விட்டுவிடுங்கள், காலையில் வழக்கம்போலக் கொடுங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்திருக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், படுக்கையருகே யூரின் கேன், கைக்கு எட்டும் அழைப்பு மணி, அணைக்காத விளக்கு, 'தனியாக எழுந்திருக்காதீங்க ஐயா, இன்னும் சில மணி நேரம் அடிக்கடி வரும்' என்று நோயாளியிடமும் உங்களிடமும் ஓர் எச்சரிக்கை. இவற்றில் எதையாவது செய்தார்களா என்று கேளுங்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் கண்ணயர்ந்துவிட்டீர்கள் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். நான்கு இரவு தூங்காத மகள் ஓர் இரவு கண்ணயர்ந்ததில் குற்றம் எதுவும் இல்லை அம்மா. உங்களிடம் சொல்லாத ஒன்றுக்கு நீங்கள் விழித்திருக்க முடியாது.

புகார் என்றால் எப்படி?

முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளியோ அவர் சார்பில் குடும்பத்தாரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. அதில் ஐந்தாம் நாளின் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். நான்கு மணிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, ஒன்பதரைக்கு யார் கையெழுத்து, டூட்டி டாக்டரைக் கேட்டதாகக் குறிப்பு இருக்கிறதா, விழுந்த பிறகு தலைக்கு என்ன பரிசோதனை செய்தார்கள்.

பிறகு மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம். ஒரு சிஸ்டரின் பெயரைப் போட்டு நடவடிக்கை எடுங்கள் என்று எழுதுவதைவிட, மாலை மாத்திரை விட்டுப்போனது எப்படி, இனி நடக்காமல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் பயன் அதிகம். பதில் வராவிட்டால், தனியார் மருத்துவமனைகளின் பதிவைக் கவனிக்கும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் நான்கு தையலோடு போன காயத்துக்கு அந்த அலைச்சல் வேண்டுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் பேசித் தீர்மானியுங்கள். அப்பாவின் சிகிச்சையை அங்கேயே தொடரப் போகிறீர்கள் என்றால், நேரில் பேசுவதில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

வீட்டில் எந்த நேரம்?

டார்செமைடு ஒரு வேளைதான். காலையில் எழுந்து, பல் துலக்கி, எடை பார்த்துவிட்டுக் கொடுங்கள். யூரின் போன பிறகு, சாப்பிடும் முன், ஏறக்குறைய அதே உடையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு போட்ட எடையாக இருக்காது, நீர். வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை சொல்லிவிடும். டாக்டருக்கு போன் செய்ய அந்த இரண்டு கிலோ போதும், மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெளியே போகும் நாளில் மாத்திரையை விடாதீர்கள். கால் மறுபடி வீங்குவதற்கு, வாரத்தில் இரண்டு நாள் விடுவதே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். விடுவதற்குப் பதில் தள்ளிக் கொடுக்கலாம். முகூர்த்தம் ஏழரை, ஒன்பது என்றால் வீடு திரும்பி பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ கொடுங்கள். நான்கு மணியைத் தாண்டிவிட்டால் அன்று என்ன செய்வது என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பைரோனோலாக்டோன் மெதுவாக, இரண்டு மூன்று நாளில் வேலை செய்கிற மருந்து. அதனால் அது ஓடி ஓடிப் போக வைக்காது. சாப்பாட்டோடு கொடுத்தால் போதும்.

மருந்துக் கடைக்காரர் 'லேசிக்ஸ்தான் ஒரிஜினல், டார்செமைடு எதற்கு' என்றாராம். அதற்காக மாற்ற வேண்டாம். லேசிக்ஸ் மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் உடலில் சேரும், டார்செமைடு பெரும்பகுதி சேர்ந்துவிடும். 2,859 இதயநோயாளிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இரண்டில் எது சாப்பிட்டாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. எதை எழுதியிருக்கிறார்களோ அதை ஒழுங்காகச் சாப்பிட்டாலே போதும்.

கிட்னி கெடுமா? இளநீர் கொடுக்கலாமா?

நீர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்பது நம் ஊரில் பலரும் நம்புவது. பலர் மாத்திரையை நிறுத்துவதும் இதனால்தான். பம்பிங் குறைந்த இதயமும், உடம்பெல்லாம் தேங்கிய நீரும்தான் கிட்னியை அதிகம் வருத்துகின்றன. தேவைக்கு மேல் நீரை எடுத்தால் கிரியாட்டினின் ஏறும், உண்மை. அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை. லேசாக ஏறியதும் நாமே நிறுத்திவிடுவது ஆபத்து. உண்மையில் கிட்னியை அடிப்பது, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்லோபினாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். அவை நீர் மாத்திரையின் வேலையையும் தடுக்கும். அப்பாவுக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். வாந்தி பேதி வந்த நாளில், கடும் வெயிலில் சோர்ந்துபோன நாளில், மாத்திரை கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். மருத்துவமனையில் சிஸ்டர் செய்ததை வீட்டில் நீங்கள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இளநீரை இன்றே நிறுத்துங்கள். கடிதத்தைப் படித்ததும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். மருத்துவமனையில் லேசிக்ஸ் ஊசியால் பொட்டாசியம் குறைந்தது. இப்போது நிலைமை நேர்மாறு. ஸ்பைரோனோலாக்டோனும் ராமிப்ரிலும் பொட்டாசியத்தை உடலில் தேக்கி வைக்கிற மருந்துகள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. மூன்றும் சேர்ந்து, கிட்னியும் சற்றுத் தளர்ந்திருந்தால், பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறலாம். அதற்கு முன்னறிகுறி பெரும்பாலும் இருக்காது. சில நேரம் நேராக இதயத் துடிப்பில்தான் தெரியும். சோடியம் குறைந்தது என்று விற்கிற மாற்று உப்பிலும் பொட்டாசியம்தான், அதுவும் வேண்டாம்.

சாதாரண உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், ஐந்து கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இந்த நான்கையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். குடிக்கும் நீரை டாக்டர் ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால் காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதில் அடக்கம்.

பக்கத்துத் தெரு சிஸ்டர்

அவருக்கு நல்ல மனசு. ஆனால் டாக்டர் எழுதாமல் அவர் லேசிக்ஸ் ஊசி போடக் கூடாது. நீங்களும் கேட்கக் கூடாது. கால் வீக்கம் எல்லாமே இதயத்தால் வருவதில்லை. அம்லோடிபின் போன்ற பிபி மாத்திரையாலும் வரும், கல்லீரல், கிட்னி கோளாறாலும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதற்கு நீர் மருந்து உதவாது. போதாததற்கு, இந்த ஊசியை ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகப் போட வேண்டும். வேகமாக அதிக அளவில் போட்டால் காது இரைச்சல், சில சமயம் காது கேளாமையே வரலாம். ஜென்டமைசின், அமிகாசின் என்ற கிருமிக்கொல்லி ஊசிகளைப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இன்னும் அதிகம். பொட்டாசியம் தெரியாமல் வீட்டில் போடுவதும், பிபி 86 என்று தெரிந்தே அன்று வார்டில் போடுவதும் என் பார்வையில் ஒன்றுதான்.

அந்த சிஸ்டரின் உதவியை வேறு விதமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை வந்து உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிபி பார்க்கட்டும், காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கட்டும், உங்கள் எடை நோட்டைப் படிக்கட்டும். ஏதாவது சரியில்லை என்றால் டாக்டரிடம் அவரே போனில் பேசினால், நீங்கள் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கும். எடை ஏறினால் எத்தனை மாத்திரை கூட்டுவது என்று டாக்டர் எழுதித் தந்திருந்தால், அதன்படி நடக்கவும் உதவுவார். படுக்க முடியாத மூச்சுத் திணறல் மறுபடி வந்தால் ஊசியைத் தேடாதீர்கள். அப்பாவைக் கால் தொங்க நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் பார்த்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினால் ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். முதல் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டது. தினம் இளநீர் வேறு கொடுத்திருக்கிறீர்கள். நாளைக் காலையே ரத்தம் கொடுத்து, சாயங்காலத்துக்குள் முடிவை உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இடையில் அப்பா உடம்பு தளர்கிறது, படபடக்கிறது என்று சொன்னால் முடிவுக்குக் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.